சமூக உளவியலோடு இன்னொரு துறையும் சேர்த்துப் படிப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். தருமபுரியில் பொருளாதாரம் இளங்கலை, வெளியூரில் உளவியல் முதுகலை, இப்போது இரண்டுக்கும் நடுவில் ஆராய்ச்சி. ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளையோ அவர்களின் அப்பா அம்மாவோ இதைப் பற்றிக் கேட்பார்கள். சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

அக்கா, சமூக உளவியல்னா என்ன? சோஷியல் ஒர்க்கும் அதுவும் ஒன்னா?

இல்லை. சுற்றி இருக்கிறவர்களால் ஒரு மனிதரின் நினைப்பும் உணர்வும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது சமூக உளவியல். அந்த "சுற்றி இருக்கிறவர்கள்" நேரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று நினைத்து ஒரு முடிவை மாற்றிக்கொள்கிறோமே, அதுவும் இதில் அடங்கும்.

நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஃப்ளோரைடு அதிகமான நிலத்தடி நீரால் பல்லில் கறை பிடித்தவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாய் வந்த பிறகும் ஒரு வீட்டில் போர் தண்ணீரையே குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். பொருளாதாரம் படித்தவர் தண்ணீர் பிடிக்க ஆகும் நேரத்தையும் செலவையும் கணக்குப் போடுவார். சமூகவியல் படித்தவர் குழாய் யார் தெருவில் இருக்கிறது என்று கேட்பார். அந்த வீட்டார் யார் பேச்சை நம்புகிறார்கள், பக்கத்து வீட்டில் எதைக் குடிக்கிறார்கள் என்று கேட்பவர் சமூக உளவியலாளர். அந்த வீட்டாரோடு உட்கார்ந்து மாற்றத்துக்கு வேலை செய்பவர் சமூகப் பணியாளர். இதில் எந்தக் கேள்வியும் மற்றதைவிடக் குறைந்ததில்லை.

தமிழ்நாட்டுல "எம்.ஏ. சமூக உளவியல்"னு தனியா கோர்ஸ் இருக்கா?

பெரும்பாலும் இல்லை. எம்.எஸ்சி. உளவியலுக்குள் ஒரு தாளாகத்தான் வரும். அதை உங்கள் துறையாக்கிக்கொள்வது முதுகலை ப்ராஜெக்டிலும் பிஎச்.டி.யிலும்தான். அதனால் கோர்ஸின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தத் துறையில் யார் எதை ஆராய்கிறார்கள் என்று பாருங்கள்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரியார் பல்கலைக்கழகம். அங்கே உளவியல் துறை உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் தாண்டி அந்த வழியாகவே போகும். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் இருக்கின்றன. ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அவர்கள் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

நான் பி.காம். முடிச்சிருக்கேன். உளவியல் முதுகலைல சேர்த்துப்பாங்களா?

சில இடங்களில் உளவியல் இளங்கலை கேட்பார்கள். சில இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். மத்தியப் பல்கலைக்கழகங்கள் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியாக எடுக்கின்றன. விண்ணப்பப் பணம் கட்டும் முன்னால், அந்த வருடத்துக் கையேட்டில் "தகுதி" என்ற பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

எதுக்கு ரெண்டு துறை? ஒன்னை ஒழுங்காப் படிச்சாப் போதாதா?

நிறைய பேருக்குப் போதும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "ரெண்டு டிகிரி இருந்தா கெத்து" என்று வருகிறவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. ஒரு துறையின் கருவிகளை வைத்துப் பதில் காண முடியாத கேள்வி ஒன்று உங்களுக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால்தான் இந்த அலைச்சலுக்கு அர்த்தம்.

என் கதையைச் சொல்கிறேன். 1989இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். என் அம்மாவும் பின்னாளில் ஒரு குழுவில் இருந்தார். ஒரு மாதம் இன்னொரு பெண்ணின் தவணையையும் சேர்த்து அம்மாவே கட்டினார். கல்லூரியில் பொருளாதாரப் பாடத்தில் "கூட்டுப் பொறுப்பு" என்று ஒரு பக்கம் வந்தது. ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லோருக்கும் அடுத்த கடன் கிடைக்காது, அதனால் கட்டுவார்கள் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அவர் அடுத்த கடனை நினைத்துக் கட்டவில்லை. அந்தப் பெண்ணைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்பார்களே என்ற கூச்சம், அவள் மேல் பாசம், அவள் மேலேயே கொஞ்சம் கோபம் எல்லாம் அதில் கலந்திருந்தது. வட்டியும் தவணையும் தெரியாமல் அந்தக் கேள்வியைத் தொட முடியாது. வெட்கமும் குழு அழுத்தமும் தெரியாமலும் முடியாது. நான் உளவியலுக்குப் போனது அதற்காகத்தான்.

இந்தத் துறையே அப்படிப் பிறந்ததுதான். சமூக உளவியல் என்ற பெயரோடு ஆங்கிலத்தில் முதல் பாடநூல்கள் இரண்டு 1908இல் வந்தன. ஒன்றை எழுதிய வில்லியம் மெக்டூகல் உளவியலாளர். இன்னொன்றை எழுதிய எட்வர்ட் ராஸ் சமூகவியலாளர். பிறகு, 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான டேனியல் கானமன் ஓர் உளவியலாளர்.

ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி பண்ணலாமா? செல்லுமா?

செல்லும். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று விதமாகச் செய்யலாம். வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டையும் நேரடி வகுப்பாகவே படிக்கலாம். ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். தொலைநிலைப் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அனுமதி பெற்றிருக்க வேண்டும். பிஎச்.டி.க்கு இந்த ஏற்பாடு கிடையாது.

இரண்டையும் நேரடியாகப் படிப்பது காகிதத்தில் சுலபம். நம் பக்கத்தில் இருந்துகொண்டு செய்வது மிகவும் கஷ்டம். காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று பேருந்திலேயே படிப்பு போய்விடும். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அப்போ வேற பாடத்தை நேர்ல படிச்சுட்டு, உளவியலைத் தபால்ல போட்டுடலாமா?

கூடாது. இதில்தான் இப்போது நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. உளவியலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன்னால் சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம். புதுச் சேர்க்கை கிடையாது. "சீட் இருக்கு, பணம் கட்டுங்க" என்று யாராவது போன் செய்தால் கட்டாதீர்கள்.

ஆகவே திருப்பிப் போடுங்கள். உளவியலை நேரில் படியுங்கள். சமூகவியல், பொருளாதாரம், பொது நிர்வாகம் போன்ற இன்னொன்றைத் தொலைநிலையில் எடுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டின் பட்டியலையும் பாருங்கள்.

டி.சி. ஒன்னுதானே இருக்கு? ரெண்டு காலேஜும் அசல் கேட்டா?

இது எனக்கே நடந்தது. உளவியல் படித்துக்கொண்டிருந்தபோது பொருளாதார முதுகலையைத் தொலைநிலையில் சேர்ந்து படிக்கப் போனேன். அங்கே அசல் சான்றிதழைக் காட்டச் சொன்னார்கள். நான் படித்த கல்லூரியில், கோர்ஸ் முடியும்வரை தர மாட்டோம் என்றார்கள். ஒரு சேர்க்கைப் பருவமே போய்விட்டது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இலேயே யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் கல்லூரியில் சேரும் அன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்கள் நாலு செட் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவது இடத்தில் பணம் கட்டும் முன்னால், டி.சி.க்குப் பதில் போனஃபைடு சான்றிதழ் (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தருவது) ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு கவுண்டரில் இருப்பவர் மாறியதும் செல்லாது.

நான் தருமபுரி அரசு சட்டக் கல்லூரில படிக்கிறேன். கூடவே எம்.எஸ்சி. உளவியல் சேரலாமா?

ரெகுலராகச் சேர முடியாது. சட்டப் படிப்போடு இன்னொரு ரெகுலர் படிப்பில் சேரக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் சொல்கின்றன. தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் போன பதில்களில் சொன்னபடி உளவியல் தொலைநிலையில் இல்லை. எனவே சட்டம் முடித்துவிட்டு உளவியல், அல்லது உளவியல் முடித்துவிட்டு சட்டம். பி.எட்., மருத்துவம் போன்றவற்றுக்கும் அந்தந்தக் கவுன்சிலின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். யு.ஜி.சி. அனுமதித்தது என்பதால் அவர்களும் அனுமதித்ததாக ஆகாது.

எந்தத் துறையோட சேர்த்தா நல்லது? ஸ்கோப் எதுல அதிகம்?

கேள்வியை வைத்துத் துறையைத் தேடுங்கள் என்றுதான் மறுபடியும் சொல்வேன். நம் மாவட்டங்களில் கேள்விக்குப் பஞ்சமில்லை. ஓசூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். புது ஊர், புது மொழி, கையில் முதல் சம்பளம். அவர்கள் யாரோடு சேர்கிறார்கள், மேற்பார்வையாளரிடம் ஒரு குறையைச் சொல்ல எது தடுக்கிறது என்று அறிய ஆசைப்பட்டால் மேலாண்மையோ தொழிலாளர் சட்டமோ துணை. குழந்தைத் திருமணம் உங்கள் மனதை உறுத்தினால் சமூகப் பணியும் சட்டமும் உதவும். அந்தத் திருமணத்தை விரும்பாத பெற்றோரும் "ஊர்ல எல்லாரும் இப்படித்தானே" என்று நினைத்து நடத்தி வைக்கிறார்கள். எல்லோரும் உள்ளுக்குள் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் வேண்டும் என்று நினைப்பதாக நம்பும் இந்த நிலையைச் சமூக உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஃப்ளோரைடுக்குப் பொதுச் சுகாதாரம். வாட்ஸ்அப் வதந்திக்குக் கணினி அறிவியல். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஓசூரில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதற்கு மொழியியல். அதை இன்னும் நிறைய பேர் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

புள்ளியியல் இல்லாமல் முடியாது. சராசரி, திட்ட விலக்கம், இரண்டு குழுக்களை ஒப்பிடுவது, தொடர்புப் போக்கு இவ்வளவும் முதுகலையிலேயே வரும். ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதல்ல வேலை, எண் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான். ஆர், ஜமோவி, ஜாஸ்ப் மூன்றும் இலவச மென்பொருள்கள். கோடை விடுமுறையில் ஜமோவியில் தொடங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2015இல் உளவியல் ஆய்வுகள் 100ஐ வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவற்றில்தான் பழைய முடிவு தெளிவாக மறுபடி கிடைத்தது. சமூக உளவியலின் நிலை அதிலும் மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு இந்தத் துறை தன்னைத் திருத்திக்கொண்டு வருகிறது. புள்ளியியல் தெரிந்தால்தான் எதை நம்பலாம் என்று உங்களால் சொல்ல முடியும்.

புத்தகத்துல எல்லாமே அமெரிக்கா ஆராய்ச்சி. நம்ம ஊருக்கு அது பொருந்துமாக்கா?

நான் அதிகம் யோசிக்கும் கேள்வி இதுதான். மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, வசதியான, ஜனநாயக நாடுகளின் மக்களை மட்டும் பார்த்துவிட்டு மனித குலமே இப்படித்தான் என்று சொல்லக் கூடாது என்று ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் 2010இல் எழுதினார்கள். அதனால் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். இரண்டு குழுக்கள் நெருங்கிப் பழகினால் வெறுப்பு குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னார். வெறும் பழக்கம் போதாது, சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்று நிபந்தனைகளும் வைத்தார். 2012 நவம்பரில் நம் தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களும் வீடு இழந்தவர்களும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள் இல்லை. ஒரே கடையில் சாமான் வாங்கியவர்கள், ஒரே பேருந்தில் போனவர்கள். பழக்கம் இருந்தது, சம அந்தஸ்து இல்லை. ஆல்போர்ட்டின் நிபந்தனைகளை ஜாதியை வைத்து ஆராய வேண்டியவர்கள் நாம்தான். அதற்குச் சமூகவியலும் வரலாறும் தெரியாமல் முடியாது.

கருவிகளையும் மாற்ற வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், மாநிலத்திலேயே குறைவு. இங்கே கேள்வித்தாளைக் கையில் கொடுத்து "நிரப்பித் தாங்க" என்று சொன்னால், படிக்காத பாட்டி பேத்தியிடம் கொடுப்பார். நீங்கள் பேத்தியின் பதிலைப் பாட்டியின் பதில் என்று எழுதிக்கொள்வீர்கள். வாசித்துக் கேளுங்கள். ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். அப்புறம் அதை ஊர்த் தமிழில் பத்துப் பேரிடம் பேசிப் பாருங்கள்.

முடிச்சதும் கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா?

மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை தர இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். சமூக உளவியல் ஆராய்ச்சிப் படிப்பு அதைத் தராது. உங்கள் ஆசை சிகிச்சை தருவது என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவ உளவியல் வழியைத் தேடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ரெண்டு முதுகலை இருந்தா பேராசிரியர் வேலைக்கு ரெண்டு பக்கமும் போடலாமா?

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தகுதி வேண்டும். அந்தப் பாடத்தில் முதுகலையில் 55 சதவீதம், கூடவே அதே பாடத்தில் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. "இரு துறை" என்ற பெயரில் ஒரே கலப்புப் பட்டம் வாங்கினால், அது எந்தப் பாடத்துக்கு இணை என்று நிரூபிக்கும் பாடு உங்களுக்கு வரும். அரசு வேலை எண்ணம் இருப்பவர்கள் தெளிவான பெயருள்ள பட்டம் ஒன்றையாவது வைத்திருங்கள். உளவியலுக்கு நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

பிஎச்.டி.யை ரெண்டு துறையிலும் சேர்த்துப் பண்ண முடியுமா?

பட்டம் ஒன்றுதான், ஆனால் வழிகாட்டிகள் இருவர் இருக்கலாம். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகள் வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை வழிகாட்டி வைக்க இடம் தருகின்றன. முதன்மை வழிகாட்டி எந்தத் துறையோ அந்தத் துறையில்தான் பட்டம் வரும். அதனால் போன கேள்வியின் பதிலை மனதில் வைத்து அவரைத் தேர்ந்தெடுங்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்களா என்றும் விசாரியுங்கள். பேசாவிட்டால் நடுவில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் இரண்டு முறை எழுதுவது நீங்கள்தான்.

வெளிநாட்டில் முறைப்படி இணைப் பட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியோடு உளவியல், பிரின்ஸ்டனில் உளவியலோடு சமூகக் கொள்கை, நெப்ராஸ்கா-லிங்கனில் 1974இலிருந்து சட்டத்தோடு உளவியல். அங்கே பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தை நீக்கி மாத உதவித்தொகையும் தருவார்கள். போட்டி கடுமை.

பணத்துக்கு என்ன வழிக்கா?

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். முதுகலைக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள விகிதப்படி தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். குடும்பமே நிமிர்ந்து உட்காரும் தொகை அது.

வெளிநாட்டுக்குப் போகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் அதில் 2022இல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது. நம் ஊர் ஜாதியையோ குடிநீரையோ ஆராய நினைக்கிறவரை இது நேராகத் தடுக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். விண்ணப்பிக்கும் வருடத்தின் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏம்மா, பொண்ணுக்கு ஏற்கெனவே 22 வயசு. இதுல ரெண்டு படிப்பு எதுக்கும்மா?

ஐயா, இரண்டையும் சேர்த்துப் படித்தால் நாலு வருடம் ஆகாது, இரண்டு வருடத்தில் முடியும். மேலே சொன்ன 2022 ஏற்பாட்டின் லாபமே அதுதான். உங்கள் பெண்ணுக்கு 24 ஆகும்போது கையில் இரண்டு முதுகலை இருக்கும். கல்யாணம் அதற்குப் பிறகும் நடக்கும். நிச்சயதார்த்தம் பேசிய பிறகு பாதியில் நின்ற படிப்பைத் திரும்ப எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடுவுல ரெண்டும் முடியலைன்னா எதை விடறது?

தொலைநிலையில் இருப்பதை. அதை முடிக்க இரண்டு வருடத்துக்கு மேலும் அவகாசம் கிடைக்கும், ஒரு பருவத் தேர்வைத் தள்ளிப்போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நேரடி வகுப்பில் வருகைப் பதிவு குறைந்தால் அந்த வருடமே போகும். தள்ளிப்போடுவதற்கு முன்னால் மறுபதிவுக்குக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.